காப்பாருக்கு வராத வாக்குச்சீட்டு

2025 நவம்பர் 5, புதன்கிழமை. காலை பத்தரை தாண்டியிருந்தது. மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பார் கடைத்தெருவில் வழக்கமாக நான் உட்காரும் கடையில், பக்கத்து மேசைப் பையன்கள் இருவர் கைப்பேசியில் நியூயார்க் மேயர் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு. வாக்குச்சாவடி மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சொஹ்ரான் மம்டானி வென்றுவிட்டார் என்று செய்தி வந்துவிட்டது. வயது 34. பிறந்தது உகாண்டாவின் கம்பாலாவில். தாய், திரைப்பட இயக்குநர் மீரா நாயர். இருபது இலட்சம் பேருக்கு மேல் வாக்களித்த தேர்தல் அது. பேருந்துக்குக் கட்டணம் இருக்காது, வாடகை ஏறாமல் பார்த்துக்கொள்வேன், நகரமே மளிகைக்கடை நடத்தும் என்று தெருத்தெருவாகச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்.

என் எதிரே இருந்த பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. எனக்கு மாமா முறை. காப்பார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிறகு தொழிற்சாலைக்குப் போய், எண்பதுகளில் தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு வீடு வாங்கி வந்தவர். பையன்களின் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன் தம்பி, நம்ம கிள்ளான் டத்தோ பண்டாருக்கு நாம எப்ப ஓட்டுப் போட்டோம்?"

"போட்டதே இல்லைங்க மாமா."

"எங்கப்பா போட்டிருப்பாரா?"

அவரும் போட்டிருக்க மாட்டார் என்றேன். மாமா பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தார். அந்த இரண்டாவது கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் நான்கு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. தன் தெருவைப் பார்த்துக்கொள்ளும் ஆளைத் தானே தேர்ந்தெடுத்தவர்களை அவற்றில் தேடிப் பார்த்தால் தோட்டத்துப் பக்கம் ஒருவரும் தேறவில்லை. எப்படி இப்படி ஆனது என்பது எங்கள் ஊருக்கே உரிய கதை.

மாமாவின் அப்பா காலத்தில் காப்பார் சாலை என்பது இருபுறமும் இரப்பர் மரம், இடையிடையே தென்னை, உள்ளே போனால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். தண்ணீர்க் குழாய் எந்த லயத்துக்கு முன்னால் வரும், கக்கூஸ் எங்கே கட்டப்படும், சாக்கடையை யார் எப்போது கழுவுவார்கள், மின்சாரம் இரவு எத்தனை மணிக்கு நிற்கும் என்பதெல்லாம் தோட்டத்து ஆபீசில் முடிவாகும். துரை சொல்வார், கிராணி எழுதுவார், கங்காணி வந்து சொல்வார். லயத்துக் கூரை ஒழுகினாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கதவைத் தட்ட வேண்டியது அந்த ஆபீசைத்தான். தோட்டம் தனியார் நிலம். பட்டணத்து நிர்வாகத்தின் எல்லை தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். குப்பை வண்டி வராது, தெருவிளக்கு வராது. அதே கணக்கில் வாக்குச்சீட்டும் வராது.

தங்கள் வாழ்வைத் தாங்களே பேச வேண்டும் என்ற எண்ணம் அந்த ஜனங்களுக்கு இல்லாமல் இல்லை. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கேட்டவற்றில் கூலி உயர்வு மட்டும் இல்லை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி கொடு, வெள்ளைக்காரரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். இன்று ஒரு நகர மன்றக் கூட்டத்தில் வைக்கக்கூடிய கோரிக்கைகள் அவை. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதனை நாடு கடத்தினார்கள்.

பத்து ஆண்டு கழித்து மலாயாவுக்கு ஓட்டுப்பெட்டி வந்தது. நாடாளுமன்றத்துக்கு முன்னால் நகரங்களுக்குத்தான் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன், 1952 பிப்ரவரி 16-ல் கோலாலம்பூர். கோலாலம்பூரில் பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என நான்கு வட்டாரங்களில் 12 இடங்கள். மலாய்க்காரரின் அம்னோவும் சீனரின் மசீசவும் அன்று முதன்முறையாகக் கைகோத்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு இரண்டு, சுயேச்சைக்கு ஒன்று. இந்தியரின் ம.இ.கா அப்போது டத்தோ ஓன் பக்கம் இருந்தது. 1954-ல்தான் கூட்டணிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டணி நாட்டின் 52 இடங்களில் 51-ஐ அள்ளியது. சுதந்திரம் வாங்கி, பிறகு தேசிய முன்னணியாகப் பெயர் மாறி, 2018 வரை நாட்டை ஆண்ட அணி, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் பேசிய ஒரு நகராண்மைத் தேர்தலில் பிறந்தது.

மலாயா சுதந்திரக் கட்சி வென்ற இரண்டு இடங்களில் ஒன்றில் ஜெயித்தவர் தேவகி கிருஷ்ணன். பங்சார் வட்டாரம். போர்ட்டிக்சனில் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மலாயாவில் மக்கள் ஓட்டால் பொதுப்பதவிக்கு வந்த முதல் பெண் இவர். பெண்கள் மேடையேறுவதே அபூர்வமான காலத்தில், பல இனத்தவரும் ஓட்டுப் போட்ட தேர்தலில், ஓர் இந்தியப் பெண் ஜெயித்திருக்கிறார். 2024 ஜனவரியில் நூறு வயதில் காலமானார். எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் படித்த நினைவு இல்லை. என் மகள்களுக்கு நானே சொல்லித்தான் தெரியும்.

தேவகி மட்டும் இல்லை. 1957 ஜனவரி 1-ல் மாநகரத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனில், அந்தப் பத்தாண்டின் கடைசியில் மேயர் நாற்காலியில் இருந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ்.இராமநாதன். மேயரை அன்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஊர் அது. பினாங்கில் இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஈப்போவில் டி.ஆர்., எஸ்.பி. என்று இரண்டு சீனிவாசகம் சகோதரர்கள், யாழ்ப்பாணத்து வேர் கொண்ட வழக்கறிஞர்கள், மக்கள் முற்போக்குக் கட்சியை வைத்து அந்த ஊர் நகராண்மையையே கையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இதைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கம், கிள்ளான் நகர வாரியம் 1954-ல் தேர்தல் வழி உறுப்பினர்களைக் கொண்ட நகர மன்றமானது. பட்டணவாசிகள் ஓட்டுப் போட்டார்கள். மாமாவின் அப்பா அன்று தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றிருப்பார். அறுபதுகளில் நகர எல்லை விரிந்தது. காப்பார் அதற்குள்ளும் வரவில்லை. காப்பாரும் மேருவும் கிள்ளானோடு ஒரே நிர்வாகத்துக்குள் வந்தது 1971-ல். அதற்குள் தேர்தல் போயிருந்தது.

போன கதை இதுதான். இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். 1965 மார்ச் 1-ல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சி மன்றத் தேர்தல்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று நாடாளுமன்றத்தில் வாக்குறுதி தந்தார். 1966-ல் அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை. கோலாலம்பூருக்கு அதற்கும் முன்னாலேயே முடிந்துவிட்டது. 1961 ஏப்ரல் 1 முதல் தலைநகரை அரசு நியமித்த ஆணையர் ஒருவர் நடத்தினார். 1972 பிப்ரவரி 1-ல் மாநகரமானதும் அந்த நாற்காலிக்கு டத்தோ பண்டார், அதாவது மேயர், என்று பெயர் வந்தது. லோக்மான் யூசோப் தொடங்கி, 2024 ஆகஸ்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணான மைமூனா முகமட் ஷரிப் உட்பட இதுவரை எல்லாருமே நியமனம். மைமூனா ஐ.நா. குடியிருப்பு அமைப்புக்கே தலைமை வகித்தவர். தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூர்வாசிகள் அவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால் அவருக்கும் அது பெருமையாக இருந்திருக்கும்.

தேர்தல் நிறுத்தப்பட்ட அதே 1965-ல் அரசாங்கம் ஓர் அரச விசாரணை ஆணையத்தை அமைத்தது. தீபகற்ப மலேசியாவில் அன்று ஊராட்சி அமைப்புகள் முந்நூற்றெழுபதுக்கு மேல். புதுக்கிராமத்து மன்றத்திலிருந்து ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு வழக்கம். சில மன்றங்களில் பணமும் அதிகாரமும் முறைகேடாகப் போயின என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். தேர்தலில் வந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. இவற்றையெல்லாம் பார்த்துப் பரிந்துரை சொல்லும் ஆணையத்துக்குத் தலைவராக அமர்ந்தவர் ஒரு தமிழர், ம.இ.காவின் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் கேப்டனாக இருந்த ஜானகியின் கணவர்.

ஆதி நாகப்பன் ஆணையம் நாடெங்கும் போய்ச் சாட்சியம் வாங்கியது. 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தது. குறைகள் இருக்கின்றன, சீர்திருத்துங்கள், ஆனால் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. தலைநகரையும் அது விட்டுவைக்கவில்லை. அடுத்த ஐந்தாவது மாதம் மே 13 இனக்கலவரம். நாட்டின் மனநிலையே மாறிப்போனது. அறிக்கை வெளிச்சத்துக்கு வர ஆண்டுகள் ஆயின. அரசாங்கம் அதன் மையப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம், 171-ஆம் எண் சட்டம், 15-ஆம் பிரிவில் தேர்தல் குறித்த எல்லா விதிகளும் இனி செல்லாது என்று எழுதிவிட்டது. ஒவ்வொரு மன்றத்துக்கும் 8 முதல் 24 உறுப்பினர்கள், மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்கு, மாநில அரசாங்கம் நியமிக்கும். இன்றுவரை அதுதான் சட்டம்.

எங்கள் வாழ்க்கை தோட்டத்திலிருந்து தாமானுக்கு நகர்ந்தது இதற்குப் பிறகுதான். 1977 ஜனவரி 1-ல் கிள்ளான் நகராண்மைக் கழகம் பிறந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனையாகின. புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் செத்தியா ஆலாம். காப்பார்க் கடலோரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எழுந்தன. கூட்டாட்சி 5-ஆம் எண் சாலையான காப்பார் சாலையில் மாட்டு வண்டிக்குப் பதில் கொள்கலன் லாரி. லயத்தில் பிறந்த சனங்கள் கடன் வாங்கி, இ.பி.எஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து, தாமானில் வீடு வாங்கினார்கள். முதன்முறையாக அவர்கள் வீட்டுக்கு முன்னால் பொதுச் சாலை, பொதுச் சாக்கடை, பொது விளக்கு. முதன்முறையாக அவர்கள் பெயருக்குச் சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி, வருடத்துக்கு இரண்டு தடவை. துரைக்குக் கீழே இருந்தவர்கள் வரி கட்டும் குடிமக்களானார்கள். ஆனால் அவர்கள் தாமானுக்கு வந்து சேர்ந்த நேரம், வரி கட்டுகிறவன் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் மலையேறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

பட்டணத்துச் சீனரும் மலாய்க்காரரும் இருந்த ஒன்றை இழந்தவர்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது கையில் வந்ததே இல்லை. இந்த வேறுபாட்டைப் பேசுகிறவர்கள் குறைவு.

ஓட்டு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு சாக்கடையை வைத்துச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் பின்சந்து லோங்காங்கில் கட்டுமானக் கழிவு விழுந்து அடைத்துக்கொண்டது. மழை பெய்தால் அடுக்களை வரை தண்ணீர். ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அது தங்கள் பொறுப்பு இல்லை, பெரிய வாய்க்காலோடு சேர்ந்தது என்று இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் தாமானுக்குள் இருப்பது எங்களுக்கு வராது என்றார்கள். கடைசியில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒருவருக்குத் தெருவிளக்கு, ஒருவருக்குச் சாய்ந்த மரம், ஒருவருக்குக் கடை உரிமம். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்காக வந்த ஒரு அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றார். எட்டாவது மாதம் லோங்காங் சுத்தமானது. செய்துகொடுத்த பையன்களுக்கு நன்றி சொன்னேன். ஆனால் சட்டம் இயற்ற அனுப்பப்பட்ட ஒருவருக்குச் சாக்கடைதான் நாள்முழுதும் வேலை என்பது சரியாகப் படவில்லை.

காப்பார் நாடாளுமன்றத் தொகுதிக்கு இது பெரிய சுமை. 2013 பொதுத்தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட தொகுதி எங்களுடையது: 144,159 பேர். அதே தேர்தலில் புத்ராஜெயாவில் 16 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களின் ஒரு ஓட்டுக்கு எங்களின் ஒன்பது ஓட்டு. 2004-ல் கோமளாதேவி, 2008-ல் மாணிக்கவாசகம், 2013-ல் மணிவண்ணன் என்று மூன்று தேர்தல்கள் அடுத்தடுத்து இந்தத் தொகுதி இந்தியர்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. அவர்கள் ஒவ்வொருவரும் தொகுதி மக்கள் அத்தனை பேருக்கும் சாக்கடைப் பொறுப்பும் சேர்த்துப் பார்த்தார்கள்.

நியமன முறையின் இன்னொரு முகத்தைக் கிள்ளான் 2006-ல் பார்த்தது. கிள்ளான் துறைமுகச் சட்டமன்ற உறுப்பினர் ஜக்காரியா டெரோஸ் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருந்தார். அவர் மகனும் மருமகளும்கூட அதே கழகத்தில் உறுப்பினர்கள். ஏழைகள் குடியிருப்புக்கு நடுவே, கட்டட வரைபட அனுமதி வாங்காமல், அவர் ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார். அனுமதி தரும் மன்றத்தில் தானே உட்கார்ந்திருக்கிறவர். பத்திரிகைகள் விடாமல் எழுதிய பிறகு மூவரும் கழக உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்கள். தேர்தல் இருந்தால் இப்படி நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரு மன்றத்தில் உட்கார, அந்த வட்டாரத்து ஜனங்கள் மூன்று முறை சரி என்று சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு, 2007 அக்டோபர் 30. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயிலை மாநகர் மன்றத்தின் ஆட்கள் வந்து இடித்தார்கள். காப்பாரிலிருந்து அங்கே போக அதிக நேரம் பிடிக்காது. சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு அழுத பெண்களின் படங்கள் எங்கள் தாமான் முழுக்கக் கைமாறின. நவம்பர் 25-ல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணி. 2008 மார்ச்சில் சிலாங்கூர் ஆட்சியே மாறியது. இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. இடிக்க உத்தரவு போட்ட மன்றத்தை மாற்ற அந்த மக்களிடம் வழி இருக்கவில்லை. எனவே மாநில அரசையே மாற்றினார்கள். ஒரு மன்ற உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பக்கூடிய சின்னக் கோபம், போக இடமில்லாமல், பெரிய கோபமாகச் சேர்ந்தது.

புதிய ஆட்சி ஊராட்சித் தேர்தலைக் கொண்டுவரும் என்று நம்பினோம். 2010-ல் சிலாங்கூரும் பினாங்கும் தேர்தலை நடத்தித் தரும்படி தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டன. நடக்கவில்லை. பினாங்கு 2012-ல் தன் சட்டமன்றத்திலேயே சட்டம் இயற்றி, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2014 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2015 ஜனவரியில் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங், ஊராட்சித் தேர்தல் வந்தால் மே 13 திரும்பலாம் என்று எச்சரித்தார். 2018-ல் ஆட்சி மாறியதும் வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் ஜுரைடா மூன்றாண்டுக்குள் தேர்தல் என்றார். டிசம்பரில் பிரதமர் மகாதீர் இனப்பிளவு வரும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்த அச்சத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். 1965-ல் பட்டணங்கள் சீனர் பெரும்பான்மையாக இருந்தன. தேர்தல் என்றால் நகரம் மலாய்க்காரர் கையை விட்டுப் போகும் என்ற பயத்துக்கு அன்று ஒரு கணக்கு இருந்தது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு அந்தப் பட்டணம் இல்லை. அறுபது ஆண்டில் கிராமத்திலிருந்து வந்து, படித்து, வீடு வாங்கிக் குடியேறிய மலாய்க் குடும்பங்கள் எத்தனை இலட்சம்! எங்கள் தாமானிலேயே என் இடப்பக்கம் மலாய்க்காரர், எதிர்வீடு சீனர். மழை பெய்தால் மூன்று வீட்டுக்குள்ளும் தண்ணீர் வருகிறது. மூவரும் சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாடாளுமன்றத்துக்கு ஐந்தாண்டுக்கொரு முறை ஓட்டுப் போட்டும் சண்டையில்லாமல் இருக்கிற மூன்று வீட்டுக்காரர்கள், சாக்கடைக்கு ஓட்டுப் போட்டதும் வெட்டிக்கொள்வார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதைவிட எனக்குக் கடினமான கேள்வி எங்கள் ஆட்களிடமிருந்தே வந்தது. போன மாதம் கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சை எடுத்தேன். நகராண்மையில் உறுப்பினராக இருந்து ஓய்ந்த ஒரு அண்ணன் சொன்னார்: "நியமனம்னா கட்சிக் கணக்குல நமக்கு நாலு நாற்காலி நிச்சயம் தம்பி. தேர்தல் வச்சா எந்த வட்டாரத்துல நாம பெரும்பான்மை? ஒண்ணுகூட வராது." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்தியர்கள் எங்கும் சிறுபான்மைதான். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த நான்கு நாற்காலிகள் தமிழ்ப்பள்ளி வேலிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் கோயில் நிலத்துக்கும் உதவியிருக்கின்றன.

ஆனால் நான் தேவகியை நினைக்கிறேன். இராமநாதனை, ஈப்போ சகோதரர்களை நினைக்கிறேன். அவர்களை நிறுத்தியதும் ஜெயிக்க வைத்ததும் இந்தியர் ஓட்டு மட்டும் இல்லை. வக்கீல் சீனிவாசகம் ஏழைச் சீனருக்காக வாதாடியவர் என்பதால் சீனர் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எதிர்வீட்டுச் சீன அம்மாவிடமும் பேச வேண்டும், மலாய்க்காரர் வீட்டிலும் உட்கார வேண்டும். நியமனத்தில் வருகிறவர் கட்சித் தலைவரிடம் மட்டும் பேசினால் போதும். நான்கு நாற்காலியில் உட்காருகிற எங்கள் பையன்களைக் காப்பாரின் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பெயர் சொல்லித் தெரியுமா? எங்களுக்கே பாதிப் பேரைத் தெரியாது. சிறுபான்மைக்கு இட உத்தரவாதம் வேண்டும் என்றால் அதைத் தேர்தல் சட்டத்திலேயே எழுதலாம். சென்னையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

சென்னையின் கதையை அந்த அண்ணனுக்குச் சொன்னேன். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி அது. 1973-ல் ஊழல் புகாரில் மன்றம் கலைக்கப்பட்டு, இருபத்து மூன்று ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் கையில் கிடந்தது. இடையில் இந்திய அரசியல் சாசனத்தில் 74-வது திருத்தம் வந்தது. நகர மன்றங்களுக்குத் தேர்தல் கட்டாயம், தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு என்று எழுதினார்கள். 1996-ல் சென்னை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மு.க.ஸ்டாலினை மேயராக்கினார்கள். பிறகும் 2016 முதல் 2022 வரை தேர்தல் நடக்காமல் இழுத்தடித்தார்கள். ஆனால் சாசனத்தில் இருப்பதால் கேட்க இடம் இருந்தது. 2022 மார்ச்சில் பிரியா ராஜன் மேயரானார். வயது 28. வடசென்னைக்காரர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மாநகராட்சியில் தலித் பெண் ஒருவர் மேயரானது அதுவே முதல் தடவை. அந்த நாற்காலி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு என்று ஒதுக்கி வைத்ததால் அது நடந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊருல அப்படி எழுதுவானுங்களா?" என்றார். நாம் கேட்டால்தானே என்றேன்.

2024 பிப்ரவரி 5-ல் கிள்ளான் அரச மாநகரமானது. பத்து இலட்சம் பேருக்கு மேல் வாழும் ஊருக்கு அந்தத் தகுதி எப்போதோ வந்திருக்க வேண்டியது. நகராண்மைக் கழகத் தலைவராக இருந்த நோராய்னி ரோஸ்லான் முதல் டத்தோ பண்டார் ஆனார். கிள்ளானுக்குப் பெருமைதான். எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த வாரமே காப்பார் சாலைப் பள்ளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்ததைப் பார்த்தேன். அது கூட்டாட்சிச் சாலை, பொறுப்பு வேறிடம் என்பது எனக்குத் தெரியும். பால் பாக்கெட்டோடு விழுந்த அந்தப் பையனுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தேர்தலில் வந்த ஒரு வட்டார உறுப்பினர் இருந்திருந்தால், யாருடைய சாலை என்று பார்க்காமல் அவர் வாசலுக்குத்தான் அவன் போயிருப்பான்.

நியூயார்க் முடிவு வந்த நாள் மாலை மாமாவை அவர் வீட்டில் கொண்டு விட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். வீடு வாங்கிய நாளிலிருந்து கட்டிய வரி ரசீதுகள், ஆண்டுவாரியாக இரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். அடியில் இருப்பவை பழுப்பாகி ஓரம் நைந்தவை, கிள்ளான் நகராண்மைக் கழகம் என்று மலாயில் அச்சிட்டவை. மேலே இருப்பவற்றில் கிள்ளான் அரச மாநகர் மன்றம். நாற்பது ஆண்டுக்குக் கிட்ட. ஒரு தவணைகூட விட்டதில்லை என்றார்.

டின்னின் அடியில் ஒரு பழைய அட்டை இருந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. 1954-ல் பி.பி.நாராயணன் போன்றவர்கள் சேர்ந்து கட்டிய சங்கம். மாமா இளைஞராக இருந்தபோது தோட்டத்துக் கிளைக்குத் தலைவர் தேர்தல் நடக்குமாம். ஆயாக்கொட்டகையில் கூடுவார்கள். இரண்டு பேர் போட்டி. தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசியவர் ஒருவர், போனஸைப் பற்றிப் பேசியவர் இன்னொருவர். பெண்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க மாமா?"

"தண்ணிக் குழாய்க்காரருக்கு," என்றார். "அவரு ஜெயிச்சாரு. ரெண்டு மாசத்துல எங்க லயத்துக்கு முன்னால பைப்பு வந்துச்சு."

அந்த ஆண்டின் இரண்டாம் தவணை ரசீதை எடுத்து நீவி, கட்டின் மேல் வைத்து, டின்னை மூடினார். சங்க அட்டை மட்டும் மேசை மேலேயே இருந்தது. பேரன் வந்து அதை எடுத்து, இது என்ன தாத்தா என்று கேட்டான்.